மூன்று கொதி

சென்ற மாதம் எங்கள் நிலையத்தில் சிக்னல் பிரிவில் இருக்கும் ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவர் மனைவிக்குக் குறைமாதப் பிரசவம். தாய் ஓர் ஊரிலும் குழந்தை வேறோர் ஊரிலும் மருத்துவமனையில் இருந்தார்கள். "உங்களுக்கும் இப்பிடித்தான் ஆச்சாமே சார், பாலுக்கு இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார். நான் 1961-ஆம் ஆண்டு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளாகப் பார்த்துச் சொன்னேன். அவர் போனபின், இதை ஒழுங்காக எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கும் உதவுமே என்று தோன்றியது.

பதினாறு வயதிலிருந்து நாள்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. மழை, வண்டிகளின் தாமதம், படித்த புத்தகம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அது. எட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டதால், கீழே வருவதில் தேதிகளும் அளவுகளும் நோட்டிலிருந்தவை. பேச்சுகள் மட்டும் என் ஞாபகத்திலிருந்து வருபவை.

அப்போது நான் திண்டிவனம் ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க். என் மனைவி சரோஜாவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, கார்த்திகை நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், வலியில்லாமல் உதிரம் போகத் தொடங்கியது. ஊரிலிருந்த ஒரு தனியார் பிரசவ விடுதிக்குக் கொண்டுபோனோம். குழந்தைக்கு உணவு தரும் நஞ்சுக்கொடி, இருக்கவேண்டிய மேல்பகுதியில் இல்லாமல், கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, வாய் திறக்கத் திறக்க உதிரம் போகும், வயிற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். பகல் ஒன்று பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை மூன்றே முக்கால் பவுண்டு.

மறுநாள் குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. அந்த விடுதியில் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் வெப்பப் பெட்டி கிடையாது. விழுப்புரத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பெண் மருத்துவர் இருந்த சிறிய மருத்துவமனை ஒன்றில் அது உண்டு என்று தெரிந்தது. இரண்டு வெந்நீர்ப் பாட்டில்களுக்கு நடுவே பஞ்சில் சுற்றி, வாடகைக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வெப்பப் பெட்டி என்பது கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டிதான். உள்ளே இரண்டு மின்விளக்குகள், ஒரு வெப்பமானி, ஓரத்தில் ஈரத்துக்காக ஒரு கிண்ணம் தண்ணீர். குழந்தைக்கு உறிஞ்சத் தெரியவில்லை. பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லர் போன்ற ஒன்றால் சொட்டுச் சொட்டாகத்தான் ஊட்டவேண்டும்.

சரோஜாவை அசைக்க முடியாது. உதிரம் நிறையப் போயிருந்தது. மூன்றாம் நாள் தையலில் சீழ் வைத்துக் காய்ச்சலும் வந்துவிட்டது. எனவே தாய் திண்டிவனத்தில், குழந்தை விழுப்புரத்தில். நடுவே இருபத்துமூன்று மைல்.

சரோஜாவைப் பார்த்துக்கொள்ள என் அக்கா தனக்கோட்டி காணை என்ற தன் கிராமத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அங்கே வயலில் கரும்பு வெட்டுக்கு நின்றது. அதை மாமாவின் பொறுப்பில் விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடும் வந்தாள். அவள் வந்த அன்றே சரோஜாவுக்கு முதல் பால் சுரந்திருந்தது. என் நோட்டில் இப்படி இருக்கிறது: "மஞ்சள் பால். கெட்டி. இரண்டு நாளும் சேர்ந்து சுமார் ஓர் அவுன்ஸ். அக்கா, வேப்பமரத்தடி."

சீம்பால் குழந்தைக்கு ஆகாது, வயிற்றில் கட்டிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வது. பிழிந்து மரத்தடியில் ஊற்றிவிடுவார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்காம் நாள், புதன்கிழமை, வெள்ளையாகப் பால் வந்தது. குழந்தை மருத்துவர் தாய்ப்பால் கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார். நான் இருபது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பால்காரன் ஆனேன். காலை ஆறு மணி பாசஞ்சரில் ஒரு நடை, மாலை நான்கு மணி வண்டியில் ஒரு நடை. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று எல்லா இடத்திலும் நின்று போகும் வண்டிகள். வழியில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடித்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும்.

பால் கொண்டுபோன முதல் நாள் காலையில் நடந்ததை இங்கே சரியாகச் சொல்லவேண்டும். சரோஜா காய்ச்சலோடு உட்கார்ந்து கையால் பிழிந்து ஒன்றரை அவுன்ஸ் பால் எடுத்திருந்தாள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் அந்தக் கிண்ணத்தை வெளி வராந்தாவில் ஸ்டவ்வருகே இருந்த அக்காவிடம் நீட்டி, "ஸ்டவ்வைப் பத்த வைக்கா. நல்லா மூணு கொதி வரட்டும்" என்றேன்.

அக்கா கிண்ணத்தை வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

"தாய்ப்பாலப் போயி எவன்டா அடுப்புல வெப்பான்? அவ இன்னா மாடா, கறந்து காய்ச்சறதுக்கு?"

"இருபத்துமூணு மைல் போவணும்க்கா. கெட்டுப்பூடும். பால்ல கிருமி எப்பிடி வளருதுன்னு உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். நாலு பெத்தேன், ஒண்ணுத்துக்கும் காய்ச்சிக் குடுக்கல. ஸ்டவ்வுக்குப் பின்னு போடு, அடைச்சிக்கினு கீது."

அப்போது நான் நூலகத்தில் பாலும் கிருமிகளும் பற்றிய ஒரு புத்தகத்தை இரண்டு முறை படித்திருந்தேன். பாலைக் காய்ச்சாமல் எடுத்துச் செல்வதில் உள்ள ஆபத்துகளை அது விரிவாகச் சொன்னது. ஒரு கொதி போதாது, பொங்கிவர இறக்கி, மறுபடி ஏற்றி, மூன்று முறை செய்வது நல்லது என்று அதில் படித்ததாக எனக்கு நினைவு. அந்தப் புத்தகம் நகரத்துப் பால் பண்ணைகளைப் பற்றியது. அதில் சொன்னதெல்லாம் மாட்டுப்பாலுக்கு. அந்த வேறுபாடு எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா மூன்று கொதி வைத்தாள். ஆற்றி, ஆடையை எடுத்துவிட்டு, கொதிநீரில் கழுவிய பிளாஸ்க்கில் ஊற்றினோம். கண்படும் என்று பிளாஸ்க்கின் கைப்பிடியில் ஒரு கரித்துண்டைத் துணியில் முடிந்து கட்டினாள். நோட்டில் நான் கட்டம் போட்டேன்: எடுத்த நேரம், அவுன்ஸ், மூ.கொ., வண்டி, சேர்ந்த நேரம். மூ.கொ. என்பது மூன்று கொதி. ஒவ்வொரு நடைக்கும் அந்தக் கட்டத்தில் ஒரு சரி போட்டேன்.

குழந்தை எடை கூடியது. எட்டாம் நாள் மூன்று பவுண்டு பதினான்கு அவுன்ஸ். மருத்துவமனைக்கு வெளியே இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்து நான் புத்தகம் படிப்பேன். உள்ளே குழந்தைகளின் அறைக்கு ஆண்களை விடமாட்டார்கள். கதவிலிருந்த கண்ணாடிச் சதுரம் வழியாகத்தான் பார்க்கலாம். அந்த அறையில் ஐந்து குழந்தைகள் இருந்தன. இரண்டு தாயிடம் நேரே குடிப்பவை. அவர்கள் தாய்மார் பக்கத்து அறையில் இருந்தார்கள். இரண்டு, தகர டின் பால் மாவில் வளர்பவை. ஒன்றுக்குத் தாய் இறந்துவிட்டாள், இன்னொன்றின் தாய்க்குப் பால் சுரக்கவில்லை. ஐந்தாவது எங்களுடையது.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை, முதல் கட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மறுநாள் ஐந்துக்கும் கண்டது. வாந்தி, லேசான காய்ச்சல், தண்ணீராகப் போக்கு. மருத்துவர் அறையை மூடி, நர்சுகளைக் கையை லைசால் கிருமிநாசினியில் கழுவச் சொன்னார். முதல் குழந்தையின் மலத்தை முந்தின நாளே சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏன் ஆபத்து என்பதை எங்களுக்குப் புரியும்படி நர்சு சொன்னார். சிறு உடம்பில் தண்ணீர் குறைவு. போவது வருவதைவிட மிஞ்சினால் இரண்டு நாளில் வற்றிவிடும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, தலையின் உச்சியில் எலும்பு சேராமல் மெத்தென்றிருக்கும் இடம் குழிந்துபோகும். மற்றொன்று, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமமாகாமல் மடிப்பாகவே நிற்கும். பதினோராம் நாள் மாலை எங்கள் குழந்தைக்கு இரண்டும் இருந்தன. தொடையின் தோலுக்கடியில் ஊசி குத்தி உப்புநீரை மெல்ல ஏற்றினார்கள். தொடை வீங்கி, பிறகு மெதுவாக வற்றும். வற்றுவது நல்லது, உடம்பு குடிக்கிறது என்று பொருள். எடை மூன்று பவுண்டு ஒன்பது அவுன்ஸ். மூன்று நாளில் ஐந்து அவுன்ஸ் போயிருந்தது.

அன்று பகலில் டின் பால் குடித்த குழந்தைகளில் ஒன்று, தாய் இல்லாதது, இறந்தது. அதன் தகப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு புங்கமரத்தடியில் என் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். நோட்டில் நேரம் மட்டும் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை, பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு நின்றேன். மருத்துவர் என்னை உள்ளே கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும். வேகமாகப் பேசுவார், பேசிக்கொண்டே எழுதுவார்.

"சென்னையிலேருந்து ரிசல்ட் வந்துடுச்சு. தெரிஞ்ச கிருமி ஒண்ணும் வளரல. அப்போ இது பாக்டீரியா இல்ல, வைரஸாத்தான் இருக்கணும். மருந்து குடுத்து அதைக் கொல்ல முடியாது. உடம்பு தானா ஜெயிக்கணும். தண்ணியும் உப்பும் குடுத்து நாம காத்துக்கிட்டு இருக்கணும்."

வைரஸ் என்பதைப் பற்றி நான் படித்திருந்தேன். சாதாரண நுண்ணோக்கியில் தெரியாத அளவு சிறியது, உயிருள்ள செல்லுக்குள் புகுந்துதான் பெருகும். அதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாப் படிக்கிறவரா இருக்கீங்க. அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. தாய்கிட்ட குடிக்கிற ரெண்டும் நேத்தே தேறிடுச்சு. அதுங்களுக்கும் வந்துது, ஆனா லேசா வந்து போயிடுச்சு. டின் பால் குடிச்சதுல ஒண்ணு போயிடுச்சு, ஒண்ணு இழுத்துக்கிட்டு இருக்கு. உங்களுது தாய்ப்பால். அது ஏன் டின் பால் குழந்தை மாதிரியே கிடக்கு?"

"தெரியலீங்க. பாலு தெனம் ரெண்டு வேளை தவறாம வருதுங்க. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்."

"எழுதி வெச்சிருக்கீங்களா? குடுங்க பாப்போம்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். நேரங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அவர் விரல் ஒரு கட்டத்தில் நின்றது.

"மூ.கொ.ன்னா என்னது?"

"மூணு கொதிங்க. காய்ச்சி ஆத்தித்தான் கொண்டுவர்றேன். ஒரு நாள்கூடத் தவறல."

அவர் மேசையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்தக் கட்டத்தில் இருந்த ஒவ்வொரு சரியின் கீழும் ஒரு கோடு இழுத்தார். முதல் நாளிலிருந்து அன்று காலை வரை பதினேழு கோடுகள்.

"தாய்ப்பாலை மூணு கொதி! ஆட்டுக்கால் சூப்புன்னு நெனச்சீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. "என் மேலயும் தப்பு. யாரும் காய்ச்சுவாங்கன்னு எனக்குத் தோணல, அதனால கேக்கல."

பிறகு சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். தாய் தன் வாழ்நாளில் எத்தனையோ தொற்றுகளைப் பார்த்திருப்பாள். அவற்றை எதிர்க்க அவள் உடம்பு சில பொருள்களைச் செய்து வைத்திருக்கும். அவற்றில் ஒரு பங்கு பாலில் வருகிறது. முதலில் வரும் மஞ்சள் பாலில் மிக அதிகம். பின்னால் வரும் பாலில் குறைவு, ஆனாலும் உண்டு. அந்தப் பொருள்கள் புரதம். முட்டையின் வெள்ளைக் கருவும் புரதம்தான்.

"முட்டையை வேக வெச்சீங்கன்னா வெள்ளை கெட்டியாயிடுது. அப்புறம் ஐஸ்ல வெச்சாலும் பழையபடி ஆகுமா? ஆகாது. அது மாதிரிதான். உங்க பால்ல சர்க்கரை இருக்கு, கொழுப்பு இருக்கு, அதான் எடை கூடிச்சு. சாப்பாடு வந்துது. காவல் வரல."

"அந்தக் காவல் ரத்தத்துல போயி சேருமாங்க?"

"பெரும்பாலும் குடல்லயே இருந்து வேலை செய்யுதுன்னு நெனைக்கிறேன். வைரஸ் குடல் சுவத்துல ஒட்ட வர்றப்ப அதைப் புடிச்சிக்கும். இது என் ஊகம். போலியோ விஷயத்துல தாய்ப்பாலுக்கு எதிர்ப்பு உண்டுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. இதுக்கு இன்னும் யாரும் நிச்சயமா சொல்லல. வேற என்னென்ன பொருள் இருக்கோ, நமக்கு இன்னும் பேர்கூடத் தெரியாது. ஆனா கொதிக்க வெச்சா போயிடும்ங்கிறது நிச்சயம். பச்சையா கொண்டுவர முடியுமா? ஒன்றரை மணி நேரம் கெடாம?"

"ஐஸ் இருந்தா முடியுங்க."

"அப்ப ஐஸ் தேடுங்க."

அவர் ஊகமாகச் சொன்னது இந்த எட்டு ஆண்டுகளில் நான் படித்தவற்றோடு பெரும்பாலும் பொருந்துகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஐஸ் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக என் கையெழுத்தில்தான் அது தினமும் வண்டி ஏறியது. கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த காதர் பாய் மரக்காணம் கரையில் மீன் எடுத்து, கூடைகளில் ஐஸ் போட்டு, பெருமுக்கல் வழியாக வேனில் திண்டிவனம் கொண்டுவந்து சென்னைக்குப் பார்சல் போடுவார். கூடை ஒழுகுகிறது என்று நான் அவரோடு சண்டை போடாத வாரம் இல்லை.

பகல் வண்டியில் திரும்பியபோது அவர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா கிளார்க்கய்யா, ஒழுகுது ஒழுகுதுன்னு பேஜாரு பண்ணுவீங்க. இப்ப அந்த ஐஸே வேணுமா?" என்றார். பிறகு முகம் மாறியது. "கொழந்தைக்கா? மீன்ல பட்டது வாணாம். பாண்டியிலேருந்து வர்ற கட்டி, உமியில பொதைச்சது, தனியா வெச்சித் தரேன். காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. ஜல்தியா வந்து வாங்கிக்கினு போங்க, ஒடைச்சி வெச்சா நிக்காது."

விடுதிக்குப் போனேன். அக்காவை வெளியே அழைத்து மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். முட்டை உவமையையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாகு முறுகிப்போச்சுன்னா மறுபடி சாறு ஆவாது. அதானே?" என்றாள். காணையில் வெல்லம் காய்ச்சுபவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சீம்பாலில்தான் காவல் அதிகம் என்பதையும் நான் சொல்லியாகவேண்டியிருந்தது. அதைக் கேட்டதும் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத ஊத்துனது நானு," என்றாள். "சரோஜாகிட்ட இப்ப எதுவும் சொல்லாத. காய்ச்சல்ல கெடக்கறவ."

சொல்லவில்லை. அன்று மாலையே முதல் பச்சைப் பால் போனது. சிறிய எவர்சில்வர் சம்புடத்தில் பால், அதைச் சுற்றி ஐஸ், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தகர டப்பா, டப்பாவைச் சுற்றி உமி அடைத்த சாக்கு. கரித்துண்டு சாக்கின் மேல் ஏறியது. வண்டியில் எதிரே உட்கார்ந்த அம்மாள் மூக்கைச் சுளித்து, "மீனு இன்னா வெலை?" என்றார். பால் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார். விற்பதற்கில்லை என்றேன்.

சரோஜாவுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. "ஸ்டவ்வு சத்தமே காணமே, காய்ச்சறதில்லையா?" என்று கேட்டாள். "டாக்டரம்மா வேணாம்னுட்டாங்க" என்றேன். அது உண்மைதான். முழுதும் உண்மையல்ல.

பதின்மூன்றாம் நாள் மாற்றம் இல்லை. மறுபடி தொடையில் உப்புநீர். பதினான்காம் நாள் சனிக்கிழமை, விடியும் முன்பே பிடித்த மழை விடவில்லை. ஆறு மணிக்கு வண்டி வந்து நின்றது. சம்புடம் என் கையில் இருந்தது; மூன்று அவுன்ஸ், சரோஜா எடுத்ததிலேயே அதிகம். ஐஸ் வரவில்லை. மரக்காணம் ரோட்டில் தண்ணீர் போகிறது, வேன் நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். காய்ச்சி எடுத்துப் போகலாமா, பச்சையாக அப்படியே கொண்டுபோய்க் கெடவிடலாமா, இந்த நடையை விட்டுவிடலாமா என்று மூன்று வழிகளையும் நான் நின்றபடி யோசித்தேன். மூன்றும் சரியில்லை.

வண்டியின் கார்டு எனக்குப் பழக்கம். கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏறுப்பா, டைம் ஆச்சு" என்றார்.

"ஐஸ் வரலீங்க."

அவர் என் கையில் இருந்த சம்புடத்தைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

காதர் பாய் சைக்கிளில் வந்தார். கேரியரில் சாக்கு, அவர் தலையில் இன்னொரு சாக்கு. பிளாட்பாரத்திலேயே சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வேன் நின்ற இடத்திலிருந்து யாரோ ஒருவரின் சைக்கிளைக் கேட்டு வாங்கி நான்கு மைல் மிதித்திருக்கிறார்.

"புடிங்க, புடிங்க. பாதி கரைஞ்சிடுச்சு, மீதி போதும். இன்னிக்கு ஒழுகுதுன்னு எழுத மாட்டீங்கல்ல?"

வண்டி ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. கார்டின் புத்தகத்தில் காரணம் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. என் நோட்டில் "மழை" என்று இருக்கிறது. நான் தெரிந்தே சரியில்லாமல் எழுதிய பதிவு எனக்கு நினைவுள்ளவரை அது ஒன்றுதான்.

அன்று மாலை போக்கு எண்ணிக்கையில் பாதியாகக் குறைந்தது. பதினைந்தாம் நாள் வாந்தி நின்றது. பதினாறாம் நாள் கண்ணாடிச் சதுரம் வழியாக நர்சு எனக்குக் குழந்தையின் தலையைத் திருப்பிக் காட்டி, உச்சியில் விரலை வைத்து, குழி இல்லை என்று கையால் சைகை செய்தார். எடை மூன்று பவுண்டு பதினோரு அவுன்ஸ்.

பச்சைப் பால்தான் காப்பாற்றியதா என்று மருத்துவரைக் கேட்டேன்.

"எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான்," என்றார். "ஆனா அந்த இன்னொரு டின் பால் குழந்தையும் தேறிடுச்சே. அதுக்கு என்ன சொல்வீங்க? சிலது அஞ்சாறு நாள்ல தானா நிக்கும். உங்க ஒரு குழந்தையை வெச்சு நான் எதையும் நிரூபிக்க முடியாது. இதையும் நோட்டுல எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். எனவே இதைப் படிப்பவர்கள், பச்சைத் தாய்ப்பால் கொடுத்தால் வைரஸ் நோய் நின்றுவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. வராமல் காப்பதிலும் வந்தால் லேசாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. கொதிக்க வைத்தால் அந்தப் பங்கு பெரும்பாலும் போய்விடுகிறது. எங்கள் குழந்தைக்குப் பிறந்தது முதல் பன்னிரண்டு நாள் அந்தப் பங்கு கிடைக்கவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். சிக்னல் பிரிவுக்காரரிடமும், காய்ச்சவேண்டாம் என்று நானாகச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் பாலை எப்படி எடுத்து, எப்படி வைத்து, எப்படிக் கொண்டுவரவேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள், நான் கேட்காமல் விட்டதைக் கேளுங்கள் என்றுதான் சொன்னேன்.

பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை, காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகியிருந்தபடியால் சரோஜாவை விழுப்புரம் அழைத்துப்போனோம். அதே ஆறு மணி பாசஞ்சர். கார்டு தம் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியில் நீளப் பலகை ஒன்றைக் காலியாக்கி வைத்திருந்தார். காதர் பாய் வழியனுப்ப வந்து, பழக்கத்தில் கையில் ஐஸ் மூட்டையும் கொண்டுவந்துவிட்டார். "இனிமே வேணாம் பாய்" என்று அக்கா சொன்னதும், "இருக்கட்டும்மா, வழியில அவங்களுக்குத் தாகம் எடுத்தா?" என்று வண்டியில் வைத்துவிட்டுப் போனார்.

மருத்துவமனையில் குழந்தையைக் கொண்டுவரச் சிறிது நேரம் ஆனது. தாய்மார் அறைக் கட்டிலில் சரோஜா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த அறைக்குள் என்னையும் விட்டார்கள். என் நோட்டு அவள் பக்கத்தில் கிடந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எடுத்து மெதுவாகப் புரட்டினாள்.

"இந்தச் செவப்புக் கோடெல்லாம் இன்னாதுங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"அது ஒண்ணுமில்ல சரோஜா. பாலக் காய்ச்சக் கூடாதாம். நான் தெரியாம காய்ச்சிப்புட்டேன். எனக்கு இன்னாத்த தெரியும், கைநாட்டு."

அவள் அதைச் சொன்ன விதத்தில் யாரும் நம்பியிருப்பார்கள். நான் ஒப்புக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்; ஒரு கணம் இருந்தேன்.

"இல்ல. அக்கா வேணாம்னுதான் சொன்னா. நான்தான் மூணு கொதி வைக்கச் சொன்னேன். அதுல இருந்த மருந்து போயிடுச்சு. பாப்பாவுக்கு வயித்தால போனப்ப, உன் பாலு இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

"போனதா? எப்ப? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

அதையும் சொன்னேன். பத்தாம் நாள் போக்கு, மறுநாள் உச்சிக்குழி, தொடையில் உப்புநீர், எல்லாவற்றையும். அவள் நோட்டை விடவில்லை. விரலை வைத்துச் சிவப்புக் கோடுகளை எண்ணிக்கொண்டு போனாள்.

"பதினேழு," என்றாள். "ஒவ்வொரு தடவையும் காய்ச்சலோட முக்கா மணி நேரம் புழிஞ்சேன்."

அக்கா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நர்சு குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறந்த நாளுக்குப் பின் சரோஜா அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முகத்தைப் பார்த்தாள், கைவிரல்களை விரித்துப் பார்த்தாள், தொடையில் ஊசி குத்திய இடத்தைப் பார்த்தாள். பிறகு மார்போடு அணைத்தாள். குழந்தை இரண்டு முறை தவறவிட்டது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. மணி பதினொன்று இருபது.

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிலிலிருந்து நோட்டை எடுத்துப் பென்சிலைத் தீட்டினேன். எடுத்த நேரம், வண்டி, சேர்ந்த நேரம் எல்லாம் ஒன்றாகிவிட்டிருந்தன. சற்றுப் பொறுத்து, "எவ்ளோ குடிச்சிருப்பா? ஒரு அவுன்ஸ் இருக்குமா?" என்று கேட்டேன்.

சரோஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"அத நான் எப்பிடிங்க அளக்கறது? குடிச்சான்னு எழுதிக்குங்க."

அவுன்ஸ் என்ற கட்டத்தில் "குடித்தாள்" என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"தப்பா எழுதியிருக்கீங்க," என்றாள். "இன்னும் குடிச்சிக்கினு இருக்கா."